டீச்சர் பதில்கள்: கடவுள் எப்படிப்பட்டவர்?

பதில் தருபவர் பாம்பனில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பங்கில் மறைக்கல்வி கற்பிப்பவர். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. வாசகர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி (கல்லூரி மாணவர், கீழக்கரை): டீச்சருக்கு வணக்கம். என் நெருங்கிய தோழன் முஸ்லிம். நோன்பு மாதத்தில் அவன் வீட்டுக் கஞ்சி எனக்கும் ஒரு பாத்திரம் வரும். அண்மையில் அவன், "நீங்கள் மூன்று கடவுள்களைக் கும்பிடுகிறீர்கள். கடவுளுக்கு எப்படி மகன் இருக்க முடியும்?" என்று கேட்டான். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

பதில்: தம்பி, கடவுள் ஒருவரே என்பதில் உன் தோழனுக்கு இருக்கிற உறுதி நமக்கும் வேண்டும். "இஸ்ரயேலே, செவிகொடு! நம் கடவுளாகிய ஆண்டவர் ஒருவரே ஆண்டவர்" என்கிறது இணைச்சட்ட நூல். கட்டளைகளுள் முதன்மையானது எது என்று மறைநூல் அறிஞர் ஒருவர் கேட்டபோது இயேசு முதலில் சொன்னதும் இந்த வரியைத்தான். மாற்கு 12ஆம் அதிகாரத்தைத் திறந்து அவனிடமே காட்டு. மூன்று கடவுள்கள் உண்டு என்று சொல்கிற கிறிஸ்தவர் யாராவது இருந்தால், அவர் திருச்சபையின் நம்பிக்கையைச் சொல்லவில்லை.

அடுத்தது, மகன் என்ற சொல். கடவுள் ஒரு பெண்ணோடு சேர்ந்து பிள்ளை பெற்றார் என்று யாராவது சொன்னால், உன் தோழனுக்கு முன்பாக நானே எழுந்து மறுப்பேன். கடவுளுக்கு உடல் இல்லை. நம் வீட்டில் அப்பா முதலில் இருக்கிறார், பிள்ளை பிறகு வருகிறது. கடவுளிடம் அந்த முன்னும் பின்னும் கிடையாது. தந்தை என்றைக்கு உண்டோ அன்றைக்கே மகனும் உண்டு. அந்த "என்றைக்கு" என்பதற்குத் தொடக்கமே இல்லை.

இதே தகராறு திருச்சபைக்குள்ளேயே பெரிதாக நடந்தது. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்ற குரு இருந்தார். மகன் படைப்புகளிலெல்லாம் உயர்ந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவர்தான், அவர் இல்லாதிருந்த ஒரு நேரம் உண்டு என்று அவர் கற்பித்தார். கேட்பதற்கு எளிதாக இருந்ததால் வேகமாகப் பரவியது. கி.பி. 325இல், இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்று அழைக்கப்படும் நிசேயா நகரில் ஆயர்கள் கூடி அதை மறுத்தார்கள். ஞாயிறு பூசையில் நாம் "ஒளியினின்று ஒளியாக", "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்றெல்லாம் சொல்கிறோமே, அவை அந்தச் சங்கம் வகுத்த வரிகள். 381இல் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் தூய ஆவியாரைப் பற்றிய பகுதியை விரிவாக்கியது. 2025இல் நிசேயா சங்கத்துக்கு 1700 ஆண்டுகள் நிறைந்தன.

இவ்வளவு தூரம் ஏன் போராடினார்கள் என்று நீ கேட்கலாம். ஆரியுஸ் சொன்னது சரியென்றால், பெத்லகேமில் பிறந்ததும் சிலுவையில் தொங்கியதும் கடவுள் அனுப்பிய ஒரு வேலைக்காரர். கடவுள் மேலே பத்திரமாக இருந்துகொண்டு வேறொருவரைச் சாக அனுப்பினார் என்று ஆகும். நிசேயாவில் கூடியவர்கள் அதை ஏற்கவில்லை. வந்தவர் கடவுளே என்றார்கள். இதே பக்கத்தில் தங்கச்சிமடத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு என் பதில் இந்த ஒரு வரியை நம்பித்தான் நிற்கிறது. அதையும் படி.

உன் தோழன் இதை ஏற்க வேண்டும் என்று நினைக்காதே. அவன் நம்பிக்கை அவனுக்கு. நாம் நம்பாத ஒன்றை நாம் நம்புவதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். கஞ்சிக்கு என் நன்றியையும் சொல்.

கேள்வி (வாசகர், மண்டபம்): பேரப்பிள்ளைகளுக்கு மூவொரு கடவுளை விளக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். பாலத்தில் நின்று பார்த்தால் வடக்கே வடகடல், தெற்கே தென்கடல், நடுவில் பாம்பன் கால்வாய். மூன்று பெயர், ஒரே கடல். தந்தை, மகன், ஆவியும் அப்படித்தான் என்று சொல்கிறேன். சரிதானே?

பதில்: ஐயா, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற உங்கள் அக்கறைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் இந்த உவமையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இரண்டு இடத்தில் இது உடைகிறது.

வடகடல் முழுக் கடல் ஆகாது. அது ஒரு பக்கம்தான். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கிக் கிடப்பதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். கடவுளிடம் அப்படிப் பங்கு பிரிக்க முடியாது. தந்தை முழுமையாகக் கடவுள், மகன் முழுமையாகக் கடவுள், தூய ஆவியார் முழுமையாகக் கடவுள். மூன்றில் ஒரு பங்கு என்று எதுவும் இல்லை.

"இல்லை டீச்சர், பங்கைச் சொல்லவில்லை, ஒன்றுக்கே மூன்று பெயர் என்றுதான் சொன்னேன்" என்பீர்கள். அது இன்னும் சிக்கல். மூன்றாம் நூற்றாண்டிலேயே சபெல்லியுஸ் என்பவரின் பெயரால் அறியப்பட்ட கருத்து அது: கடவுள் ஒருவரே, சமயத்துக்கு ஒரு வேடம் போடுகிறார். இயேசு திருமுழுக்குப் பெற்ற யோர்தான் ஆற்றங்கரையை நினைத்துப் பாருங்கள். மகன் தண்ணீரில் நிற்கிறார். ஆவியார் புறாவைப் போல் இறங்குகிறார். "என் அன்பார்ந்த மகன்" என்று தந்தையின் குரல் கேட்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில். வெறும் பெயர்கள்தான் என்றால், கெத்சமனித் தோட்டத்தில் இயேசு வேர்வை சிந்தி யாரிடம் மன்றாடினார்? தனக்குத் தானேயா? அப்படியானால் அந்த இரவு ஒரு நாடகம். அதை ஏற்க என் மனம் ஒருபோதும் ஒப்பாது.

உவமை இல்லாமல் எப்படிச் சொல்வது? நான் வகுப்பில் உவமையைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு கேள்வியோடு தொடங்குவேன். "கடவுள் அன்பாய் இருக்கிறார்" என்று யோவானின் முதல் திருமுகம் சொல்கிறது. அன்பு காட்டுகிறார் என்று மட்டும் சொல்லவில்லை, அன்பாய் இருக்கிறார் என்கிறது. அப்படியானால் வானமும் கடலும் மனிதரும் உண்டாவதற்கு முன் கடவுள் யாரை அன்பு செய்தார்? ஒருவரும் இல்லை என்றால், அன்பு செய்வதற்குக் கடவுளுக்கு நாம் தேவைப்பட்டோம் என்றாகிவிடும். நாம் வந்த பிறகுதான் அவர் அன்பானார் என்றாகிவிடும். இயேசு தம் பாடுகளுக்கு முந்தின இரவு செபித்ததை யோவான் 17இல் வாசியுங்கள்: உலகம் தோன்றுமுன்னே நீர் என்மேல் அன்பு கொண்டிருந்தீர் என்கிறார். கடவுளுக்குள்ளேயே, என்றென்றும், தந்தை தம்மை முழுவதும் மகனுக்குத் தருகிறார். மகன் தம்மை முழுவதும் தந்தைக்குத் தருகிறார். அந்த அன்பு தூய ஆவியார். பழங்காலத் திருச்சபையின் பெரிய சிந்தனையாளரான புனித அகுஸ்தினார் இந்த வழியாகத்தான் சிந்தித்தார். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். படைப்பு என்பது கடவுளின் தனிமைக்கு மருந்தாக வரவில்லை, நிறைவிலிருந்து வழிந்தது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அகுஸ்தினார் என்றதும் எல்லோருக்கும் அந்தக் கடற்கரைக் கதை நினைவுக்கு வரும். ஒரு சிறுவன் மணலில் குழி தோண்டிக் கடலை அள்ளி ஊற்றிக்கொண்டிருக்கிறான், "இந்தக் குழிக்குள் கடல் அடங்காததைப் போல உம் மூளைக்குள் மூவொரு கடவுள் அடங்க மாட்டார்" என்கிறான். மூவொரு கடவுள் பெருவிழா மறையுரைகளில் இது தவறாமல் வரும். அகுஸ்தினார் தம் நூல் எதிலும் இதை எழுதவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் புழங்கத் தொடங்கிய கதை. கதை இருக்கட்டும், ஆனால் "கேள்வி கேட்காதே" என்று வாயை அடைப்பதற்கு அதைப் பயன்படுத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. அந்த மனிதர் மூவொரு கடவுளைப் பற்றி 15 பாகங்கள் எழுதினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த வேலையை விடாமல் செய்தார். அடங்காது என்று தெரிந்தும் அள்ளிக்கொண்டே இருந்தவர் அவர்.

கேள்வி (பள்ளி மாணவி, தொண்டி): கடவுள் ஆணா?

பதில்: இல்லை கண்ணு. கடவுள் உருவமற்றவர் என்று இயேசுவே சமாரியப் பெண்ணிடம் சொல்கிறார். ஆண், பெண் என்ற பிரிவுக்கு அவர் அப்பாற்பட்டவர். இயேசு அவரைத் தந்தை என்று அழைத்தார், நமக்கும் அப்படி அழைக்கக் கற்றுத் தந்தார். அதனால் அப்படி அழைக்கிறோம். எசாயா 49ஆம் அதிகாரத்தில் அதே கடவுள், பால் குடிக்கும் பிள்ளையைத் தாய் மறந்தாலும் நான் உன்னை மறக்க மாட்டேன் என்கிறார். இரண்டையும் உன் நோட்டில் எழுதி வைத்துக்கொள்.

கேள்வி (வாசகர், ராமேஸ்வரம்): கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போய் அந்தோணியாரிடம் வேண்டுகிறோம். ஓரியூரில் அருளானந்தர் மண்ணை எடுத்து நெற்றியில் பூசுகிறோம். இவர்களும் கடவுள்களா?

பதில்: இல்லை. அந்தோணியார் போர்ச்சுகலில் பிறந்து 1231இல் இறந்த பிரான்சிஸ்கன் துறவி. அருளானந்தர் லிஸ்பனில் பிறந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த இயேசு சபைக் குரு. இருவரும் நம்மைப் போல மனிதர்கள். எனக்காக செபியுங்கள் என்று அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்பது போல அவர்களிடம் கேட்கிறோம். ஆராதனை கடவுள் ஒருவருக்கே. கச்சத்தீவில் இக்கரைத் தமிழரும் அக்கரைத் தமிழரும் ஒரே பந்தலின் கீழ் முழந்தாளிடுவது எனக்கு எப்போதும் நெஞ்சை நிறைக்கும் காட்சி. ஆனால் அங்கும் பூசை கடவுளுக்குத்தான்.

கேள்வி (வாசகி, தங்கச்சிமடம்): டீச்சர், என் தம்பி தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. நாட்டுப்படகில் மூன்று பேர் போனார்கள். காற்று திரும்பிப் படகு கவிழ்ந்துவிட்டது. இரண்டு பேர் மிதவைக் கன்னாசைப் பிடித்துக்கொண்டு கிடந்து கரைக்கு வந்தார்கள். தம்பி உடல்கூடக் கிடைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த பெரியவர் ஒருவர், "ஞாயிறு பூசையை விட்டுவிட்டுத் தொழிலுக்குப் போனான், ஆண்டவர் தண்டித்துவிட்டார்" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றிலிருந்து அம்மா செபமாலையைத் தொடவில்லை. தம்பியின் கைலி கொடியில் காய்ந்தபடியே கிடக்கிறது, எடுக்க விடமாட்டேன் என்கிறார். கடவுள் அப்படிப்பட்டவரா டீச்சர்?

பதில்: இல்லை மகளே. அப்படிப்பட்டவர் இல்லை.

இதை என் சொந்த ஆறுதலாகச் சொல்லவில்லை. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இயேசுவிடமே இந்தக் கேள்வி வருகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, "அப்படி அல்ல" என்று அவரே பதிலும் சொல்கிறார். செத்தவர்களை அளந்து பார்க்கிற வேலையை நிறுத்திவிட்டு, உயிரோடு இருக்கிறவர்கள் மனம் திரும்புங்கள் என்கிறார். அந்தப் பெரியவர் அந்த அதிகாரத்தைப் பூசையில் எத்தனையோ முறை கேட்டிருப்பார்.

ஞாயிறு பற்றியும் ஒரு சொல். ஓய்வுநாள் மனிதருக்காக உண்டானது, மனிதர் ஓய்வுநாளுக்காக உண்டாகவில்லை என்றவர் இயேசு. ஒரு பூசைக்கு ஒரு உயிர் என்று கணக்கு வைக்கிறவரை "சினம் கொள்ளத் தயங்குபவர்" என்று விடுதலைப் பயண நூல் சொல்லியிருக்குமா?

நம் கரையில் இந்தப் பேச்சு புதிதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்துப் போட்டது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் ஆட்களோடு அலையில் போயிற்று. ரயில் நிலையம் போயிற்று, கப்பல் போக்குவரத்து போயிற்று, மாதா கோவிலின் கூரை போயிற்று. பவளக்கல் சுவர் மட்டும் இன்றும் வெயிலில் நிற்கிறது. பக்தியுள்ளவரும் இல்லாதவரும், எல்லா மதத்தவரும், கைக்குழந்தைகளும் ஒரே இரவில் போனார்கள். அதையும் பாவத்துக்கான கூலி என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எந்தக் குழந்தையின் பாவம்? பழைய ஏற்பாட்டில் எலியா மலைமேல் நிற்கும்போது பாறைகளைப் பிளக்கிற பெருங்காற்று வருகிறது. "ஆனால் ஆண்டவர் அக்காற்றில் இல்லை" என்று அரசர்கள் முதல் நூல் சொல்கிறது. நம் வீடுகளில் சுவரில் எழுதி வைக்க வேண்டிய வரி இது.

யோபின் கதை உனக்குத் தெரியும். அவர் பிள்ளைகளை இழந்தபோது நண்பர்கள் வந்து உட்கார்ந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்று அதிகாரம் அதிகாரமாக வாதிட்டார்கள். நூலின் முடிவில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல்தான் திரும்புகிறது. என் ஊழியன் யோபைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். யோபு பேசியதெல்லாம் புலம்பலும் வழக்கும்தான். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் தவறாகப் பேசினார்கள், கடவுளோடு வழக்காடியவர் சரியாகப் பேசினார். ஆகவே உன் அம்மா செபமாலையைத் தொடாமல் இருப்பதைப் பாவம் என்று யாரும் சொல்ல விடாதே. திருப்பாடல் 88ஐ அவருக்கு வாசித்துக் காட்டு. அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லை. அதையும் திருச்சபை செபம் என்றுதான் வைத்திருக்கிறது.

தம்பி போய், மற்ற இருவரும் பிழைத்தது ஏன் என்று நீ கேட்கவில்லை; ஆனால் கேட்பாய். இரவில் கேட்பாய். யோபுக்கும் அந்தக் காரணம் சொல்லப்படவில்லை. நானும் ஒரு காரணத்தைச் செய்து உன் கையில் கொடுக்க மாட்டேன். செய்து கொடுக்கிற காரணங்களெல்லாம் அந்தப் பெரியவர் சொன்னதைப் போலத்தான் முடியும். கிறிஸ்தவ நம்பிக்கை தருவது வேறொன்று.

மாற்கு 4ஆம் அதிகாரத்தில் ஒரு படகு இருக்கிறது. புயல். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. இயேசு படகின் பின்பகுதியில் தலையணை வைத்துத் தூங்குகிறார். "போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?" என்று சீடர்கள் கத்துகிறார்கள். உன் அம்மாவின் கேள்வியும் இதே வரிதான். அன்று அவர் எழுந்து கடலை அடக்கினார். நம் ஊரில் மறையுரை பெரும்பாலும் அங்கே நின்றுவிடும். உன்னைப் போன்றவர்கள், பிறகு என் வீட்டுப் படகில் ஏன் அடக்கவில்லை என்று மனதுக்குள் கேட்டபடி வீடு திரும்புவீர்கள். மாற்கு அங்கே நிற்கவில்லை. பத்து அதிகாரங்களுக்கு மேல் கடந்துபோய், "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று அதே இயேசு கத்துகிற இடத்துக்கு வருகிறார். அங்கே எந்தப் புயலும் அடங்கவில்லை. அவர் இறந்தார்.

கீழக்கரைத் தம்பிக்கு மேலே சொன்னது இப்போது உனக்குத் தேவைப்படுகிறது. அந்தச் சிலுவையில் இறந்தவர் வெறும் தூதர் என்றால், கடவுளுக்கு மூச்சுத் திணறல் தெரியாது. உன் தம்பியின் கடைசி நிமிடம் அவருக்குக் கேள்விப்பட்ட செய்தி மட்டும்தான். அவர் தந்தையோடு ஒரே பொருளானவர் என்றால், கடவுளே நம் சாவுக்குள் வந்திருக்கிறார். தந்தையும் தம் மகனைப் பறிகொடுத்தவர். பாதாளத்தில் இறங்கினார் என்று செபமாலையின் தொடக்கத்தில் சொல்கிறோமே, இறந்தவர்கள் போகிற இடம்வரை மகன் போனார் என்பதுதான் அதன் பொருள். உன் தம்பி போன இடம் கடவுள் காலடி படாத இடம் இல்லை. அங்கிருந்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது அடுத்த வரி. நான் இதை முழு மனதோடு நம்புகிறேன்.

நம் ஆட்கள் படகைத் தள்ளும்போது பார்த்திருக்கிறாய். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, குனிந்து வலக்கையால் நீரைத் தொட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். என் அப்பா அப்படிச் செய்துவிட்டுத்தான் ஏறுவார். கரைக்கு வரும்போது நெற்றியில் அந்த இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் என்று சொல்லித்தான் உன் தம்பியும் அன்று ஏறியிருப்பான். பூசைக்குப் போகவில்லை என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உடல் கிடைக்காததால் அம்மா எதையும் முடித்துவைக்க முடியாமல் தவிக்கிறார் என்று கடிதத்தில் தெரிகிறது. உடல் இல்லாமலும் அடக்கத் திருப்பலி நிறைவேற்றலாம். திருச்சபை அதற்கு இடம் தருகிறது. பங்குக் குருவிடம் நீயே போய்க் கேள், தயங்காதே. அம்மா தயாரான பிறகு செய்யலாம், அவசரம் இல்லை. "கடல் தன்னகத்தே இருந்த இறந்தோரை வெளியேற்றியது" என்று திருவெளிப்பாடு 20இல் வருகிறது. இறுதி நாளைப் பற்றிய வரி அது. கல்லறை இல்லாதவர்களை நினைத்தே எழுதியது போல இருக்கும். அதை அந்தப் பூசையில் வாசிக்கச் சொல்.

கைலி கொடியிலேயே இருக்கட்டும். தங்கச்சிமடம் எனக்குத் தூரமில்லை. இந்த ஞாயிறு மாலை வீட்டுக்கு வருகிறேன். அம்மாவிடம் நான் எதுவும் போதிக்கப் போவதில்லை, கூட உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

கேள்வி (வாசகர், தேவிபட்டினம்): நான் கிறிஸ்தவன் அல்லன். கடவுளைப் பற்றி நீங்கள் நம்புவதை அறிய விவிலியத்தில் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான், ஒரே மாலையில் படித்துவிடலாம். பிறகு யோவான் 13 முதல் 17 வரை, பிறகு யோவானின் முதல் திருமுகம். தொடக்கநூலிலிருந்து வரிசையாகப் படிக்கலாம் என்று கிளம்பினால் லேவியர் நூலில் நின்றுவிடுவீர்கள். திருவெளிப்பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது எழுகிற கேள்விகளை ஒரு தாளில் குறித்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.